மூன்றாவது குழாய்

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மரியாதை பின்னால் வரும். அதுவும் பைய, வேண்டாவெறுப்பாக வரும். கேட்ட கேள்விக்கு உண்டு, இல்லை என்று ஒரு பதில் சொல்ல ஒரு மனிதருக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று, அவரிடம் வேலை பார்த்த ஆறு வருஷமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் டாக்டர் பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறார். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நான் மூச்சு வாங்க ஓடிவந்து, "சார், அம்பாசமுத்திரம் வண்டி போயிட்டா?" என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "நான் வந்த பிறகு போகலை வே" என்றார்.

"நீங்க எப்ப சார் வந்தீங்க?"

"இப்பத்தான்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பக்கத்தில் கடலை வறுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அது போயி அரை மணி நேரமாச்சு அண்ணாச்சி" என்று கரண்டியைத் தட்டிச் சொன்னார். மனிதர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அவர் பேச்சை நம்பி எதிரில் டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் அம்பாசமுத்திரம் வண்டி வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, என் கண் முன்னாலேயே போய்விட்டது. அதற்கும் எனக்கு டாக்டர் மேல்தான் கோபம் வந்தது.

கல்யாண வீட்டுப் பந்தியில் "சாப்பாடு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால், "இன்னும் ரசத்துக்கு வரலையே" என்பார். ஆஸ்பத்திரியில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'தெரியலை டாக்டர்'. நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு திருத்தம் சொல்லக்கூடிய ஆள் அவர்.

நான் அங்கே ஆஞ்சியோ அறையில் டெக்னீஷியன். தொண்ணூறுகளின் பிற்பாதி. வேறு ஊரில் ஓடித் தேய்ந்த மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கதீட்டர் என்கிற மெல்லிய குழலைத் தொடை வழியாக நெஞ்சுவரைக்கும் ஏற்றி, இதயத்து ரத்தக்குழாய்க்குள் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிகிற மருந்தைப் பாய்ச்சி, அது ஓடுகிற ஓட்டத்தைச் சினிமா மாதிரி ஃபிலிமில் பிடிப்போம். ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து புரொஜெக்டரில் மாட்டி ஓட்டுவது என் வேலை. பார்த்து எழுதுவது அவர் வேலை.

சாதாரண ஆள் படம் என்றால் அவரும் சாதாரணமாகத்தான் இருப்பார். பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏற்கெனவே பைபாஸ் ஆபரேஷன் ஆன ஆள் என்றால்தான் வந்தது வினை. கடவுள் போட்ட குழாய்கள் எல்லா நெஞ்சிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். அடைப்பைத் தாண்டி ரத்தம் போவதற்கு சர்ஜன் புதிதாகத் தைத்த குழாய்கள் அப்படியில்லை. காலிலிருந்து எடுத்திருப்பார்; மார்புக்கு உள்ளேயிருந்தும் எடுத்திருப்பார்; எங்கே தொடங்கி எங்கே கொண்டுபோய்த் தைத்தார் என்பது அவருக்கும் அவர் எழுதிய ஆபரேஷன் குறிப்புக்கும்தான் வெளிச்சம். குறிப்பு இல்லாமல் அந்தக் குழாய்களின் வாயைத் தேடுவது இருட்டில் சாவித்துவாரம் தேடுகிற கதைதான். நாலைந்து தடவை துழாவியும் அகப்படவில்லை என்றால் மற்ற டாக்டர்கள் என்ன எழுதுவார்கள்? "அடைத்துவிட்டது" என்று எழுதுவார்கள். உலகமே அப்படித்தான் எழுதியது.

இவர் எழுதமாட்டார். "காணவில்லை" என்று எழுதுவார்.

"சார், காணலைன்னா அடைச்சுப் போச்சுன்னுதானே அர்த்தம்?" என்று ஒருதரம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"நாம தேடினோம், கிடைக்கலை. அது நம்ம சங்கதி. அடைச்சுப் போச்சுங்கது குழாயோட சங்கதி. நம்ம சங்கதியைத் தூக்கிக் குழாய் தலையில கட்டலாமா வே?"

கேட்க நன்றாகத்தான் இருக்கும். வெளியே வராந்தாவில் நிற்கிற சொந்தபந்தங்களுக்கு யார் பதில் சொல்வது? நான்தான்.

அம்பாசமுத்திரத்து ரைஸ்மில் அண்ணாச்சி ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. "காணவில்லைன்னு எழுதிக் குடுக்கீய. என்னவே இது, ஆடா மாடா காணாமப் போறதுக்கு? என் நெஞ்சுக்குள்ளதானே கிடக்கு!" என்று கத்தினார். டாக்டர் அசையவில்லை. "ஆபரேஷன் செஞ்ச டாக்டர் ஒரு குறிப்பு குடுத்திருப்பாரு அண்ணாச்சி. அதைக் கொண்டாங்க. எங்கன தச்சிருக்குன்னு தெரிஞ்சா தேடிப் பாத்துருவோம்" என்றார். அண்ணாச்சி, "அதெல்லாம் எங்கன கெடக்கோ" என்று சொல்லிவிட்டு நேரே மதுரைக்கு வண்டி ஏறிவிட்டார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களாவது அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்றார். நான் எடுத்துச் சொல்லி அவர் கேட்டுவிட்டால் அப்புறம் என்ன!

குறிப்பு இல்லாதவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் தையல்காரர் டேப் ஒன்று, மஞ்சள் நிறத்தில், சுருட்டி வைத்திருப்பார். ஆளைப் படுக்கவைத்து, வேட்டியை விலக்கி, காலில் தையல் தழும்பு எத்தனை அங்குலம் என்று அளப்பார். இவ்வளவு நீளத்துக்கு நரம்பு எடுத்திருந்தால் இத்தனை குழாய் தைத்திருக்கலாம் என்று ஒரு கணக்கு. நோயாளிகள் சிரிப்பார்கள். "பேன்ட் தைக்கப் போறீயளா சார்?" என்பார்கள். குலசேகரன்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு வலது காலில் பதினோரு அங்குலம் அளந்து எழுதிக்கொண்டு, முழுசாக அரை மணி நேரம் அந்தக் குழாயைத் தேடினோம். எக்ஸ்ரே மேலே படாமலிருக்கப் போடுகிற ஈயக் கோட்டைச் சுமந்து என் தோள் கழன்றது. கடைசியில் அவர் மேஜையில் படுத்தபடியே, "சார், ஆபரேஷன் தழும்பு இடது கால்ல. வலது கால்ல உள்ளது மாடு குத்துனது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டாக்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "கேக்காம அளந்தது நம்ம தப்பு" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அத்தான் வந்து மாட்டினார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து, கால்வாய்க் கரையிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அம்பாசமுத்திரத்தில் வீடு. சுகர் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் பைபாஸ் ஆகி நன்றாகத்தான் இருந்தார். அந்தத் திங்கட்கிழமை காலையில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானமே எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தோம்.

மொத்தம் மூன்று குழாய் தைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மார்புக்குள்ளிருந்து எடுத்து முன்பக்கம் தைத்தது அகப்பட்டது, நன்றாக ஓடியது. காலிலிருந்து எடுத்ததில் ஒன்று அகப்பட்டது, அதுவும் ஓடியது. மூன்றாவதைக் காணோம். இதயத்திலிருந்து கிளம்புகிற பெருங்குழாயின் சுவர் முழுக்க டாக்டர் கதீட்டரை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். மருந்தை மொத்தமாகப் பாய்ச்சியும் பார்த்தோம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே மூட்டமாக இருந்தது. பிறகு டேப்பை எடுத்துக் காலை அளந்தார். எந்தக் கால் என்று இந்தத் தடவை கேட்டுவிட்டு அளந்தார்.

"ஒண்ணுக்கு அதிகம். ரெண்டுக்குக் குறைச்சல்" என்றார். என்னைப் பார்த்து, "உம்ம வீட்டுச் சமாச்சாரம்தானே, ஆபரேஷன் குறிப்பை எடுத்துட்டு வாரும்" என்றார்.

"வீட்டுல தேடச் சொல்லுதேன் சார்" என்றேன்.

பொய். தேடுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த ஃபைல் போன இடம் எனக்குத் தெரியும். கொண்டுபோனதே நான்தான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாசம் அக்கா எல்லோரையும் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனாள். சீக்கில் கிடந்தவர் தேறி எழுந்தால், அங்கே ஆற்றில் முங்கி, சீக்கில் கட்டியிருந்த துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பீடை அதோடு போய்விடும். அக்கா ஆஸ்பத்திரியில் அத்தான் கட்டியிருந்த கைலி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதற்குள் அந்த ஃபைலையும் வைத்திருந்தாள். "இந்தச் சனியன் பிடிச்ச காகிதம் வீட்டுல இருக்கக்கூடாதுலே. இதப் பாத்தாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது. நீயே உன் கையால விட்டுரு" என்றாள். அப்போதே நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். காகிதத்தின் அருமை தெரியாதவன் இல்லை. படித்துறையில் நின்று ஃபைலை விரித்துக்கூடப் பார்த்தேன். பிறகு அக்கா முகத்தைப் பார்த்தேன். மாத்திரைச் சீட்டை மட்டும் உருவி வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டேன்.

இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? குறிப்பைத் தொலைத்துவிட்டு வருகிற ஜனங்களை வராந்தாவில் வைத்து நான் எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். "படிக்காத ஆளுகளா நீங்க?" என்று கேட்டவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலையில், "கிடைச்சுதா?" என்றார். "பரண்ல பாக்காங்க சார்" என்றேன். சென்னை ஆஸ்பத்திரிக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டார். பழைய நம்பர் இருந்தால்தான் எடுக்க முடியும், நேரில் ஆள் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுவிட்டார்கள். நம்பரும் ஃபைலோடு போய்விட்டது. ஆபரேஷன் செய்த சர்ஜன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அன்றைக்கு மத்தியானம் என்ன நினைத்தாரோ, அத்தானைச் சக்கர நாற்காலியில் கொண்டுவரச் சொல்லி, புரொஜெக்டர் முன்னால் உட்காரவைத்து அவர் நெஞ்சுப் படத்தை அவருக்கே ஓட்டிக் காட்டச் சொன்னார். எனக்கு உள்ளூரக் கொதித்தது. நோயாளிக்குத் தைரியம் சொல்வதை விட்டுவிட்டு இது என்ன பயாஸ்கோப்!

"இந்தப் பக்கத்துக் கிளையைப் பாருங்க. மருந்து கறுப்பா வருது. பாதியில வெளுத்துப்போகுது பாத்தீங்களா? ஏ, திருப்பி ஓட்டும் வே."

நான் திருப்பி ஓட்டினேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கலங்கல் தண்ணி வாற ஓடையில நடுவுல தெளிதண்ணி வந்து விழுந்தா இப்படித்தான் சார் இருக்கும்" என்றார். "மேல எங்கனயோ ஒரு மடை திறந்து கிடக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியல."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அதேதான்! மருந்து கலக்காத ரத்தம் எங்கிருந்தோ அந்தக் கிளைக்குள்ள வருது. மூணாவது குழாய் ஓடுதுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எங்க இருக்குன்னு தெரியலை. பாக்காம எழுதமாட்டேன்."

"மடையைப் பாக்காம ரிஜிஸ்டர்ல எழுதப்படாதுதான்" என்று அத்தானும் தலையாட்டினார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மதுரையிலிருந்து சர்ஜன் வந்தார். வாரம் ஒருதரம் வருவார். நல்ல மனிதர், கலகலப்பானவர், கை சுத்தம். படத்தை ஒரே தடவை பார்த்தார். "மூணாவது போயிடுச்சு. மறுபடியும் திறந்து புதுசா ஒண்ணு வச்சுடலாம். சனிக்கிழமை மதுரைக்கு வந்துடுங்க" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரு முடிவு! அக்கா கும்பிட்டாள். பிறகு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாந்தரம் நெஞ்சைப் பொளந்தா தாங்குவாகளாலே? சுகர் வேற இருக்கே" என்றாள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை ஆபத்து அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஒட்டிப்போன இடத்தைப் பிரிக்கும்போது ஓடுகிற பழைய குழாயே அறுபட்டுப் போவதுண்டு. இருந்தாலும், "பெரிய டாக்டர் சொல்லுதாருல்லா, எல்லாம் சரியாப் போகும்" என்றேன்.

மதுரைக்குப் போக எங்கள் டாக்டரின் ரிப்போர்ட் வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அதற்காக அவர் பின்னாலேயே அலைந்தேன். கையெழுத்துப் போட்டுத்தான் தந்தார். மூன்றாவது குழாய்: காணவில்லை. திறந்திருக்கக்கூடும். மறு ஆபரேஷனுக்கு முன் பழைய குறிப்பைப் பார்ப்பது அவசியம். மதுரையிலிருந்து போன்: "திறந்திருக்கக்கூடும்னா என்ன அர்த்தம்? அடைச்சிருக்கா இல்லையான்னு உங்க டாக்டரைத் தெளிவா எழுதச் சொல்லுங்க. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கத்தி வைப்பேன்?"

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "கிடைச்சுதா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. கையிலிருந்த ஃபிலிம் டப்பாவை மேஜையில் டமால் என்று வைத்தேன்.

"கிடைக்காது சார்! கிடைக்கவே கிடைக்காது! ஆத்துல விட்டாச்சு. பாபநாசத்துல. நான்தான் விட்டேன், இந்தக் கையாலதான் விட்டேன். போதுமா? நாலு நாளா கிடைச்சுதா, கிடைச்சுதான்னு உசிர எடுக்கீய. அடைச்சுப் போச்சுன்னு ஒரு வரி எழுதினா உங்களுக்கு என்ன சார் குறைஞ்சுபோகும்? அங்கன ஒரு மனுஷன் செத்துட்டிருக்காரு, நீங்க தெரியலை தெரியலைன்னு…"

அந்த நாலு நாளும் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல் உள்ளது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலை போனால் போகிறது என்று நின்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றினார்.

"விடுறதுக்கு முன்னால பாத்தீரா?" என்றார்.

"என்னத்தை சார்?"

"குறிப்பை வே. எக்ஸ்ரேக்காரன் கைக்கு ஒரு ஃபைல் வந்தா பிரிச்சுப் பாக்காம விடமாட்டான். பாத்தீரா, இல்லையா?"

"பாத்தேன். எழுத்து ஒண்ணும் ஞாபகமில்லை. சிவப்பு மையில ஒரு படம் போட்டிருந்தது."

அவர் ஒரு பென்சிலை எடுத்து, மேஜையில் கிடந்த ஒரு சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் தள்ளினார். "போடும்."

"அஞ்சு வருஷமாச்சு சார். தப்பாப் போட்டுட்டேன்னா?"

"தப்புன்னா போய்ப் பாத்தா தெரிஞ்சுரும். போடும். தெரிஞ்சதை மட்டும் போடும். தெரியாத இடத்துல சும்மா விடும்."

இதயம் ஒன்றைக் கோணல்மாணலாகப் போட்டேன். முன்பக்கம் வருகிற கோடு ஒன்று. மேலே பெருங்குழாயிலிருந்து பக்கவாட்டில் இறங்குகிற கோடு ஒன்று. மூன்றாவது கோட்டை எங்கிருந்து தொடங்குவது? கண்ணை மூடிக்கொண்டேன். பாபநாசத்துப் படிக்கட்டு, காலடியில் தண்ணீர், கையில் விரித்த ஃபைல், பக்கத்தில் அக்கா. அந்தச் சிவப்புக் கோடு மேலேயிருந்து வரவில்லை. இரண்டாவது கோட்டின் தோளிலிருந்து, மரத்தில் கவை பிரிகிற மாதிரி பிரிந்துபோனது. அப்படியே போட்டேன்.

அவர் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுக்கு அதிகம், ரெண்டுக்குக் குறைச்சல்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பெருங்குழாய்வரைக்கும் போக வேண்டாம் என்றால் நரம்பு கொஞ்சம் குறைவாகப் போதுமல்லவா! பிறகு ஓடிப்போய் அவரே ஃபிலிமை மாட்டி ஓட்டினார். இரண்டாவது குழாய்க்குள் எங்கள் கதீட்டர் ரொம்ப ஆழமாக நுழைந்து உட்கார்ந்திருந்தது. கவை பிரிகிற இடத்தைத் தாண்டிப்போய் நின்றுகொண்டு அங்கேயிருந்து மருந்தைப் பாய்ச்சியிருக்கிறோம். பின்னால் இருக்கிற வாய்க்கு மருந்து எப்படிப் போகும்?

"என் தப்புதான் வே. கதீட்டர் நல்லா உக்காந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். பின்னால இழுத்துப் பாக்கணும்னு தோணலை" என்றார். வேறு எந்தப் பெரிய டாக்டரும் தன் டெக்னீஷியனிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அன்று மத்தியானமே அத்தானைத் திரும்ப மேஜையில் ஏற்றினோம். அக்கா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கதீட்டரை இரண்டாவது குழாயில் நுழைத்து, பைய, நெல்லுமுனை அளவு பின்னால் இழுத்தார். மருந்தைப் பாய்ச்சினார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். பாய்ச்சினார்.

மேஜைக்குப் பக்கத்து எக்ஸ்ரே டி.வி.யில் அந்தக் கோடு பக்கத்திலிருந்து புறப்பட்டு, கறுப்பாக, தடையில்லாமல் கடைசிவரை ஓடியது. நான் பென்சிலால் போட்ட அதே கோடு.

அத்தான் மயக்கம் இல்லாமல்தான் படுத்திருந்தார். தலையைத் திருப்பி டி.வி.யைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, மடை ஆம்புட்டுட்டா?" என்றார்.

"ஆம்புட்டுட்டு அத்தான். நல்லா ஓடுது" என்றேன். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஈயக் கோட்டைக் கழற்றாமலே இருட்டறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

வலி வந்தது தைத்த குழாய் மூன்றாலும் இல்லை, கீழே ஒரு சின்னக் கிளையில் என்று தெரிந்தது. மாத்திரையில் சமாளிக்கலாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம். மதுரை சர்ஜனுக்கு டாக்டரே போன் போட்டுச் சொன்னார். அவரும் பெருந்தன்மையாக, "நல்லவேளை சார், தப்பிச்சோம்" என்றார்.

இந்த இடத்திலாவது எனக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். எங்கே தணிய விட்டார்? ரிப்போர்ட்டைப் பார்க்கிறேன், முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார்: பழைய ஆபரேஷன் விவரம், நோயாளியின் மைத்துனர் நினைவிலிருந்து வரைந்தது. மூலக் குறிப்பு அவரால் தாமிரபரணியில் விடப்பட்டது. கீழே நான் போட்ட கோணல் இதயம், குண்டூசி குத்தி.

"சார், இதைப் போய் எழுதணுமா? நாளைக்கு நாலு பேரு பாக்க மாட்டாங்களா?"

"பின்ன, எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எழுத வேண்டாமா?"

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு, அக்காவையும் வைத்துக்கொண்டு, ஆசையாகக் கேட்டேன். "சார், இனி அத்தானுக்குப் பயமில்லைல்லா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. பொய்யாகவாவது சொல்லலாம். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு எடுத்த படத்துல இன்னைக்குள்ளதுதாம்மா தெரியும்" என்றார் அவர். "இன்னைக்கு நல்லா இருக்கு."

போகப் போனவர் நின்று, மேஜை டிராயரைத் திறந்து இரண்டு பழுப்பு உறைகளை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். இரண்டும் ஒரே கனம். "இது வீட்டுக்கு. பத்திரமா வச்சுக்கிடணும். இது ஆத்துக்கு" என்றார். சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. இரண்டையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த மாசமே பாபநாசத்துக்குப் போனோம். அத்தான் முங்கி எழுந்து கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அக்கா துணி மூட்டையையும் அந்த உறையையும் என்னிடம் தந்தாள். எனக்கு ஒரு சந்தேகம். ஆற்றில் விடுவதற்குத்தானே, அக்கா திருப்திக்காக ஏதாவது வெற்றுக் காகிதத்தை மடித்து வைத்திருப்பார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் ஒரு தடவையாவது ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. உறையைப் பிரித்தேன்.

ரிப்போர்ட்டின் எட்டுப் பக்கமும் இருந்தது. ஒரு வரி குறையாமல் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மையால் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் வரைந்த படத்தின் கீழும் போட்டிருந்தார். ஆற்றை ஏமாற்றக்கூட அந்த மனுஷருக்கு மனசு வரவில்லை.

"என்னலே முழிச்சிட்டு நிக்க? எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்குக்கா" என்றேன். உறையை மூட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் விட்டேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் அது பாறையைச் சுற்றிப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.